ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்... பனிமலைக்கு அது செல்லாது!

குல்மர்க் என்றதும் நினைவுக்கு வருவது வெள்ளைப் பனி, கேபிள் கார், ரீல்ஸ். அண்மைக் காலமாக இன்னொன்றும் அந்தப் பெயரோடு சேர்ந்து வருகிறது: பனிச்சரிவுச் செய்தி. 2023 பிப்ரவரி 1 அன்று, குல்மர்கின் அபர்வத் மலையில் பனிச்சரிவில் சிக்கி போலந்தைச் சேர்ந்த இரண்டு பேர் இறந்தார்கள். 19 வெளிநாட்டவரும் இரண்டு உள்ளூர் வழிகாட்டிகளும் மீட்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரி 22, அதே குல்மர்க். இந்த முறை இறந்தவர் ஒரு ரஷ்யர்.

இப்படி ஒரு செய்தி வந்ததும் 'இயற்கைச் சீற்றம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவதுதான் வழக்கம். ஆனால் பனிச்சரிவு ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் கணக்கு வேறு. பொழுதுபோக்குக்காக மலையேறி, பனிச்சரிவில் சிக்குகிறவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் விஷயத்தில், அந்தச் சரிவைக் கிளப்பிவிட்டதே அவரோ, அவருடன் போனவர்களோதான். மலை வந்து அவர்கள் மேல் விழவில்லை. அவர்கள் போய் மலையைத் தட்டி எழுப்பினார்கள்.

அப்படியென்றால் இது தவிர்க்கக்கூடிய விபத்து. பிறகு ஏன் கருவிகளும் பயிற்சியும் இருப்பவர்களே திரும்பத் திரும்பச் சிக்குகிறார்கள்?

பேக்கன்ட்ரி: ரோந்து இல்லாத மலை

பனிச்சறுக்கு விடுதிகளில் எல்லை கட்டிய பாதைகள் இருக்கும். அங்கே ரோந்துக் குழு தினமும் பனியைப் பார்க்கும். தேவைப்பட்டால் வெடிவைத்து, ஆள் இல்லாத நேரத்தில் பனியைச் சரியவைத்துவிடும். அந்த எல்லைக்கு வெளியே இருப்பதைத்தான் பேக்கன்ட்ரி என்கிறார்கள். யாரும் சோதிக்காத, யாரும் மிதிக்காத பனி. அதில் சறுக்குவதுதான் பலருக்குக் கனவு.

குல்மர்கின் வசீகரமும் சிக்கலும் இங்கேதான். கேபிள் கார் ஒருவரை அபர்வத் தோளில், கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரத்தில் இறக்கிவிடுகிறது. மற்ற இடங்களில் மணிக்கணக்கில் ஏறி, வழியெல்லாம் பனியைப் பார்த்துப் பார்த்துச் சேர வேண்டிய உயரம் அது. இங்கே ஒரு டிக்கெட் போதும். கதவு திறந்ததும் ஒரு பக்கம் ரோந்துக் குழு கவனிக்கும் சரிவு. கொஞ்சம் நகர்ந்தால் காட்டு மலை. மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வெள்ளைதான்.

பனிக்குள் என்ன நடக்கிறது?

மலைமேல் இருக்கும் பனி ஒரே கட்டி அல்ல. ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்கு. நவம்பரில் விழுந்தது அடியில், நேற்று விழுந்தது மேலே. ஒவ்வோர் அடுக்கும் விழுந்த பிறகும் மாறிக்கொண்டே இருக்கும்.

குளிர்காலத் தொடக்கத்தில் பனி மெல்லியதாக இருக்கும்போது, அதன் அடிப்பகுதி தரையை ஒட்டி ஏறக்குறைய 0 டிகிரியில் இருக்கும். மேல்பகுதியோ இரவுக் குளிரில் மைனஸ் 15 வரைகூடப் போகும். இந்த வித்தியாசத்தால் பனிக்குள்ளேயே நீராவி கீழிருந்து மேலே நகர்கிறது. 10 சென்டிமீட்டருக்கு 1 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால், ஒன்றோடொன்று ஒட்டியிருந்த பனித்துகள்கள் மெல்ல மெல்ல முனை கூர்மையான, தனித்தனியான படிகங்களாக மாறிவிடும். கையில் அள்ளினால் சர்க்கரை மாதிரி உதிரும். காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் ஜனவரி 30 வரை 'சில்லாய் கலான்' எனப்படும் 40 நாள் கடுங்குளிர்காலம். மெல்லிய பனியும் தெளிந்த வானமும் அதோடு சேர்ந்தால், சர்க்கரைப் பனி உருவாக வேறெதுவும் வேண்டாம்.

இன்னொரு வகையும் உண்டு. மேகமில்லாத இரவில் பனியின் மேல் இறகு போலப் பூக்கும் உறைபனி. பார்க்க அத்தனை அழகு. அதன் மேல் அடுத்த பனிப்பொழிவு விழுந்து மூடிவிட்டால், கண்ணுக்குத் தெரியாத வழுக்குத்தளம்.

பிறகு ஒரு புயல் வருகிறது. இரண்டு நாளில் ஒரு மீட்டர் பனி. காற்று வேறு, மலையின் ஒரு பக்கத்துப் பனியைச் சுரண்டி மறுபக்கத்தில் கொட்டுகிறது. மேல் அடுக்கு இறுகி, பலகை போல ஆகிறது. கீழே உதிரிச் சர்க்கரை, மேலே கனத்த பலகை.

இது எப்படி என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு தட்டில் ரவையைப் பரப்பி, அதன் மேல் ஒரு புத்தகத்தை வைத்துத் தட்டை மெல்லச் சாய்த்தால் போதும். கொஞ்ச நேரம் புத்தகம் அப்படியே இருக்கும், ஒன்றும் நடக்காது. ஒரு கட்டத்தில் விரலால் லேசாகத் தொட்டாலே மொத்தமாக வழுக்கிக்கொண்டு வரும். மலையில் அந்த விரல்தான் பனிச்சறுக்குக்காரர்.

அவருடைய எடை ஓர் இடத்தில் பலவீனமான அடுக்கை நொறுக்குகிறது. விரிசல் கண்மூடித் திறப்பதற்குள் சரிவு முழுக்க ஓடுகிறது. சரிந்த பனி சில விநாடிகளில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுவிடும். நின்றதும் கான்கிரீட் மாதிரி இறுகிவிடும். உள்ளே இருப்பவரால் விரலைக்கூட அசைக்க முடியாது.

தோண்டிப் பார்த்தால் தெரியாதா?

தெரியும், ஓரளவுக்கு. அதற்கென்றே சோதனைகள் இருக்கின்றன. பனியில் குழி தோண்டி, 30 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு தூணைச் செதுக்கி நிறுத்துகிறார்கள். அதன் தலையில் மண்வாரியை வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10 தட்டு, தோளிலிருந்து 10 தட்டு. எத்தனையாவது தட்டில், எந்த அடுக்கில் உடைகிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். இதன் நீட்டித்த வடிவத்தில் தூணின் அகலம் 90 சென்டிமீட்டர். ஒரு ஓரத்தில் மட்டும் தட்டுவார்கள். விரிசல் மறு ஓரம் வரை ஓடினால் அது கெட்ட செய்தி. ஏனென்றால் பனி உடைவதை விட, உடைந்த விரிசல் ஓடுவதுதான் ஆளைக் கொல்கிறது.

அருமையான சோதனைகள். ஆனா ஒரு பிடி இருக்கிறது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்க்கலாம். பானைக்குள் எல்லா அரிசியும் ஒரே தண்ணீரில், ஒரே சூட்டில் வேகிறது. மலை அப்படி அல்ல. குழி தோண்டிய இடத்தில் பனி இரண்டு மீட்டர் ஆழம் இருக்கலாம். 20 மீட்டர் தள்ளி, பாறை முகட்டின் மேல் வெறும் 50 சென்டிமீட்டர் இருக்கலாம். ஓரிடத்தில் வெயில் பட்டிருக்கும், பக்கத்திலேயே நிழல். இங்கே 25 தட்டுக்கும் உடையாத அதே அடுக்கு, அங்கே ஐந்தாவது தட்டில் உடையலாம்.

அதனால் இந்தச் சோதனைகளுக்கு ஒருதலைப்பட்சமான நம்பகத்தன்மைதான் உண்டு. மோசமான முடிவு வந்தால், திரும்பிப் போக அது ஒன்றே போதும். நல்ல முடிவு வந்தால், மேலே போக அது போதாது. 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை குழிக்கு உண்டு. 'போ' என்று சொல்லும் உரிமை கிடையாது. பலர் இதைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறார்கள். போவதென்று முன்பே முடிவு செய்துவிட்டு, அதற்கு முத்திரை குத்தக் குழி தோண்டுகிறார்கள்.

குழியே தோண்டாமல் மலை சொல்லும் சேதிகளும் உண்டு. காலடியில் 'வும்ப்' என்று ஒரு அமுங்கல் சத்தம், சறுக்குப் பலகையிலிருந்து பனியில் ஓடும் விரிசல், அதே திசையைப் பார்த்த பக்கத்துச் சரிவில் புதிதாக விழுந்த பனிச்சரிவு, 24 மணி நேரத்தில் கொட்டிய புதுப்பனி, வேகக் காற்று, திடீரென்று ஏறும் வெப்பம். முதல் மூன்றில் ஒன்று தெரிந்தாலே, செங்குத்தான சரிவுப் பக்கம் அன்று போவதற்கில்லை. எத்தனை தட்டுக்குத் தூண் தாங்கியது என்பதெல்லாம் அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

'3' என்ற எண்ணின் வில்லங்கம்

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பனிச்சரிவு அபாயத்தை 1 முதல் 5 வரை எண்ணால் சொல்கிறார்கள். 5 என்றால் உச்சம். 3 என்றால்? பரீட்சைப் பழக்கத்தில் வளர்ந்த மனசு உடனே கணக்குப் போடும்: ஐந்துக்கு மூன்று, நடுத்தரம், பார்த்துப் போனால் சமாளிக்கலாம்.

இங்கேதான் மோசம் போகிறார்கள். சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவு மரணங்களில் ஏறக்குறைய பாதி, 3 அறிவிக்கப்பட்ட நாட்களில்தான் நடக்கிறது. காரணம் எளிது. 4, 5 என்றால் பெரும்பாலோர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். 3 அன்று வானம் தெளிந்திருக்கும், புதுப்பனி மின்னும், எல்லாரும் கிளம்பிவிடுவார்கள். அந்த எண்ணுக்கு உண்மையான அர்த்தமோ, செங்குத்தான சரிவுகளில் ஒரே ஒரு ஆளின் எடைகூடப் பனிச்சரிவைக் கிளப்பிவிடலாம் என்பது. அளவுகோலும் சமமான படிகளால் ஆனது அல்ல. ஒவ்வொரு படிக்கும் அபாயம் மடங்குக் கணக்கில் ஏறுகிறது. நடுவில் இருப்பதால் 3 நடுத்தரம் ஆகிவிடாது.

பலவீனமான அடுக்கு மனசுக்குள்ளும் இருக்கிறது

2012 பிப்ரவரி 19. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம், ஸ்டீவன்ஸ் பாஸ் அருகே டனல் கிரீக். 16 பேர் கொண்ட குழு. உள்ளூர் மலையை உள்ளங்கை போல அறிந்தவர்கள், தொழில்முறை வீரர்கள், பனிச்சறுக்குப் பத்திரிகையாளர்கள். பனிச்சரிவில் மூன்று பேர் இறந்தார்கள். இதைப் பற்றி நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட 'ஸ்னோ ஃபால்' என்ற இணையக் கட்டுரைக்கு 2013-இல் புலிட்சர் விருது கிடைத்தது. அதில் வெளிப்பட்ட ஒரு விவரம்தான் மனசை உறுத்துவது. போனவர்களில் சிலருக்கு உள்ளுக்குள் தயக்கம் இருந்தது. 'இத்தனை பெரிய குழு, இந்தச் சரிவு, சரியா?' என்று யோசித்தார்கள். வாய்விட்டுச் சொல்லி நிறுத்தவில்லை. இத்தனை அனுபவசாலிகள் இருக்கும்போது தப்பாகவா போய்விடும்?

ஆபீஸ் மீட்டிங்கில் நடப்பதும் இதேதான். திட்டம் சரிப்படாது என்று நாலு பேருக்குத் தெரியும். சீனியர் தலையாட்டியதும் நாலு பேரும் தலையாட்டுவார்கள். அங்கே போவது ஒரு டெட்லைன், இங்கே உயிர்.

அமெரிக்க ஆய்வாளர் இயன் மெக்கமன், 1972 முதல் 2003 வரை நடந்த 715 பனிச்சரிவு விபத்துகளை எடுத்து, மனித மனம் விழும் பொறிகளை வரிசைப்படுத்தினார். தமிழில் சொன்னால் எல்லாமே கேட்டுப் பழகிய வசனங்கள். "இந்தச் சரிவுல பத்து தடவ போயிருக்கேன்." "இவ்வளவு தூரம் வந்துட்டுத் திரும்புறதா?" "அவருக்கு எல்லாம் தெரியும்." "அங்க பாரு, ஏற்கெனவே தடம் இருக்கு." "இன்னைக்கு விட்டா இந்தப் பனி கிடைக்காது."

கடைசி வசனத்தின் பலம் குல்மர்கில் 2024-இல் நன்றாகத் தெரிந்தது. ஜனவரியில் பனியே இல்லாமல் புல்வெளி தெரிந்த படங்கள் நாடு முழுக்கச் சுற்றின. அப்படிக் காத்துக் காத்துக் கிடந்த பிறகு பனி கொட்டினால், லீவு போட்டு, விமான டிக்கெட்டுக்குப் பணம் கட்டி வந்தவர் மனசு எந்தப் பக்கம் சாயும்?

இதில் அனுபவம்கூடக் கைகொடுப்பதில்லை, சில நேரம் காலை வாரிவிடும். ஒரு பலவீனமான சரிவில் ஒருவர் பத்து முறை இறங்கி, பத்து முறையும் பனி சரியாமல் போகலாம். அவர் மனசு அதைத் 'திறமை' என்று எழுதிக்கொள்ளும். நடந்தது அதிர்ஷ்டம். மலை தப்பான விடைக்கும் மதிப்பெண் போடும் வாத்தியார். திருத்துவது ஒரே ஒரு முறைதான்.

கருவி இருக்கே, பயமென்ன?

457 கிலோஹெர்ட்ஸில் சமிக்ஞை அனுப்பும் பீக்கன், நீளக் கம்பி, மண்வாரி. இந்த மூன்றும் இல்லாமல் யாரும் போகக் கூடாது. வசதி உள்ளவர்கள் காற்றுப்பை வைத்த முதுகுப்பையும் வாங்குகிறார்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் இவை விபத்துக்குப் பிறகு வேலைசெய்கிற கருவிகள்.

பனியில் முழுதாகப் புதைந்தவரை 10 நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் ஆனால் பிழைப்பவர் மூன்றில் ஒருவர்தான். 10 நிமிடத்துக்குள் எந்த ஹெலிகாப்டரும் வராது. கூடப் போனவர்தான் தோண்ட வேண்டும். பீக்கனைப் பெட்டியிலிருந்து எடுத்து முதல்முறையாக மலைமேல் பழகுகிறவரால் அது முடியாது. அதோடு, மூச்சுத்திணறல் மட்டும் ஆளைக் கொல்வதில்லை. மரத்திலும் பாறையிலும் மோதி அடிபட்டு இறப்பவர்களும் கணிசம். அதற்கு பீக்கன் என்ன செய்யும்?

என்னதான் செய்வது?

போகவே கூடாது என்பதல்ல பதில். ஆபத்தைத் தெரிந்து ஏற்பவருக்கு அந்த உரிமை உண்டு. தெரியாமல் ஏற்பதுதான் பிரச்சினை. பனியைப் படிப்பதை விட மலையைத் தேர்வு செய்வது எளிது, நம்பகமானது. இதுதான் முதல் பாடம்.

பலகை போலச் சரியும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில் தொடங்குகின்றன. வீட்டு மாடிப்படியின் சாய்வு ஏறக்குறைய 30 முதல் 35 டிகிரி. அதாவது பனிச்சறுக்குக்காரர்கள் ஆசைப்படும் சாய்வும் கொல்லும் சாய்வும் ஒன்றேதான். அபாயம் கூடிய நாளில் 30 டிகிரிக்குக் குறைவான சரிவுகளில், அதுவும் தலைக்கு மேல் செங்குத்துச் சரிவு எதுவும் இல்லாத இடத்தில் சறுக்கினால், குழிக்குள் என்ன தெரிந்தது, தெரியவில்லை என்ற கவலையே பாதி போய்விடும். பனியின் உள்ளே இருப்பதை யாராலும் முழுதாகப் பார்க்க முடியாது. சாய்வைக் கைபேசி ஆப்பில்கூட அளக்கலாம்.

இரண்டாவது, முடிவை எங்கே எடுப்பது என்பது. மலை உச்சியில், புதுப்பனியைக் கண்ட கண்ணோடு எடுக்கும் முடிவு நம்பத்தக்கது அல்ல. எந்தச் சரிவுக்குப் போவதில்லை என்பதை முந்தைய இரவே, அறிவிப்பையும் வரைபடத்தையும் பார்த்து முடிவு செய்துவிட வேண்டும். மறுநாள் மலையைப் பார்த்து அந்தப் பட்டியலை நீட்டலாம், சுருக்கக் கூடாது.

மூன்றாவது, குழுவில் ஒருவர் 'வேண்டாம்' என்றாலே திரும்பிவிட வேண்டும். அவர் கத்துக்குட்டியாக இருந்தாலும் சரி, காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் சரி. வாக்கெடுப்பு கிடையாது, கிண்டலும் கிடையாது. இந்த ஒப்பந்தத்தைக் கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ளும் குழு, டனல் கிரீக்கின் மௌனத்திலிருந்து தப்பிக்கும்.

பேக்கேஜ் எடுத்துப் போகும் புதியவர்கள் வழிகாட்டியிடம் மூன்று கேள்விகளாவது கேட்கலாம். இன்றைய அறிவிப்பு என்ன? நாம் போகும் சரிவின் சாய்வும் திசையும் என்ன? எது நடந்தால் திரும்பிவிடுவோம்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத வழிகாட்டியோடு போகாமல் இருப்பதே மேல்.

அறிவிப்பு மாவட்டத்தோடு நின்றால் போதுமா?

அரசுக்கும் இதில் வேலை இருக்கிறது. இந்தியாவில் பனிச்சரிவு முன்னறிவிப்பு செய்வது, டிஆர்டிஓவின் கீழ் சண்டிகரில் இயங்கும் டிஜிஆர்இ. அதன் எச்சரிக்கையைப் பேரிடர் மேலாண்மை அமைப்பு மக்களிடம் சேர்க்கிறது. அப்படிச் சேரும்போது அது பெரும்பாலும் மாவட்டத்தின் பெயர், இத்தனை மீட்டருக்கு மேல், 'நடுத்தர அபாயம்' என்று ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. சாலையை மூடுவதா வேண்டாமா என்று பார்க்கிற அதிகாரிக்கு அது போதும். எந்தச் சரிவில் இறங்குவது என்று யோசிக்கிறவருக்குப் போதாது. 'நடுத்தரம்' என்ற அந்தச் சொல்லே அவரைத் தட்டிக்கொடுத்து அனுப்பிவிடும்.

சுவிட்சர்லாந்தின் டாவோஸில் உள்ள பனி ஆய்வு நிறுவனம், குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் அறிவிப்பு வெளியிடுகிறது, நான்கு மொழிகளில். எந்த உயரம், எந்தத் திசை பார்த்த சரிவு, எந்த வகைப் பலவீனம் என்பதெல்லாம் படத்தோடு இருக்கும். கேபிள் காரில் ஆயிரக்கணக்கானவர்களை மேலே ஏற்றும் ஊரில், இந்த அளவு விவரம் டிக்கெட் கவுன்ட்டரிலேயே தொங்க வேண்டும்.

பனிச்சரிவு தமிழ்நாட்டுக்கு அந்நியமான சொல்லும் அல்ல. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில், மெட்ராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்தவர்கள் இருந்த காவல்சாவடியைப் பனி மூடியது. பறிபோன 10 உயிர்களில் நான்கு தமிழ்நாட்டைச் சேர்ந்தவை. அந்த வீரர்களுக்கு 'இன்று வேண்டாம்' என்று சொல்லும் வாய்ப்பு இல்லை. அங்கே நிற்பதுதான் கடமை. விடுமுறைக்குப் பனிமலை ஏறுகிறவருக்கு அந்த வாய்ப்பு ஒவ்வொரு சரிவின் தலைப்பிலும் இருக்கிறது. வெட்கப்படாமல் அதைப் பயன்படுத்தலாம். பனி அடுத்த வாரமும் விழும்.